முதலில் பதிந்தவன்

நிமியாவின் கடை வாசலில் நிற்காமல் போன பேருந்து அந்தச் சாலையில் கிடையாது. நிறுத்தம் என்று பலகை எதுவும் இல்லை. ஓட்டுநருக்குப் பசிக்கும், உள்ளே இருப்பவர்களுக்கும் பசிக்கும், கூடையோடு இரண்டு பெண்கள் ஏறுவார்கள், அடுத்த ஊர் வருவதற்குள் கூடை காலியாகிவிடும். மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டியும் பன்றிக்கொழுப்பும் சோம்பும் போட்டு வளையமாகச் சுட்ட சிப்பாவை அந்த வழியில் விற்காதவர்கள் யார்? பெட்ரோல் பங்கில்கூட விற்றார்கள். ஆனாலும் பேருந்தில் இருப்பவர்கள் சிப்பா வேண்டும் என்று கேட்பதில்லை. 'ஞா நிமியா' வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஞா என்பது மூத்த பெண்களுக்குத் தரும் மரியாதை. நிமியாவுக்கு முப்பது வயதிலேயே அந்த மரியாதை வந்துவிட்டது, சிப்பாவின் புண்ணியத்தில்.

பையிலும் அந்தப் பேர்தான். காகிதப் பையின் நடுவில் ஒரு பெண்முகம். தலையில் கூடை, ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கினாற்போல, வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் போ என்கிற பார்வை. வரைந்தவள் நிமியாவின் மகள் அராசேலி. பதினாலு வயதில், கணக்கு வகுப்பில் பொழுது போகாமல் வரைந்தது. நிமியாவைத் தெரிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "திட்டறதுக்கு வாயைத் திறக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவ்வளவு அச்சாக இருந்தது. புருஷன் வேலை தேடி புவனஸ் அயர்ஸுக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் தாயும் மகளும் மட்டும். அடுப்பும் அவர்களோடு மூன்றாவது ஆள் மாதிரி.

நான்காவது ஆள் ஒருவன் இருந்தான், டெர்லிஸ். அராசேலிக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன், பெற்றவளுக்குக் கொம்பாத்ரே. அவனுக்கு அவள் கொமாத்ரே. பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அன்றோடு போய்விடும். கொம்பாத்ரேயிடம் கைமாற்று கேட்கலாம், சண்டை போடலாம், குடித்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழலாம். எழுதிக் கொடு என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், ஞானஸ்நானத் தண்ணீரோடு உறவையும் சேர்த்துக் கொட்டிவிட்டதாக அர்த்தம்.

டெர்லிஸ் கெட்டவனாகப் பிறந்தவனில்லை. புருஷன் விட்டுப்போன வருடத்தில் ஒழுகிய கூரையை ஏறி மாற்றிக் கொடுத்தவன் அவன்தான். அவனிடம் ஒரு பழைய டெம்போ இருந்தது. வாரம் இரண்டு நடை அசுன்சியோன் போவான். நிமியாவின் சிப்பாவைத் தலைநகரின் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, வரும்போது மாவு மூட்டை ஏற்றி வருவான். வந்து இறங்கியதும் அராசேலி ஓடிப்போய் இரண்டு கையையும் கூப்பி நிற்பாள். அவன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி சொல்லுவான்.

அந்தக் காலத்தில்தான் நகராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. சிறு வியாபாரிகள் தங்கள் பேரையும் முத்திரையையும் எப்படிப் பாதுகாப்பது என்று விளக்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வந்தவர்களுக்குச் சிப்பாவும் மாத்தே என்கிற சூடான இலைத் தேநீரும் கொடுக்கிற பொறுப்பு நிமியாவுக்கு. கடைக்காரர்களில் பாதிப் பேர் சிப்பாவுக்காக வந்தவர்கள், மீதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். நிமியா கெட்டிலைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்று முழுக்கக் கேட்டாள்.

அதிகாரி, பேரை யார் முதலில் புழங்கினார்கள் என்று எங்கள் அலுவலகம் பார்க்காது, யார் முதலில் வந்து பதிந்தார்கள் என்றுதான் பார்க்கும் என்றார். ஒரு கடி கடித்த சிப்பாவை ஓரமாக வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக் காட்டினார். இந்தப் பேரைப் பதிந்தாயிற்றா என்று கேட்டார். எல்லாரும் திரும்பி நிமியாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்படியானால் நாளைக் காலை நான் போய்ப் பதிந்துகொண்டால் இந்த அம்மாள் எனக்குத்தான் கப்பம் கட்ட வேண்டும் என்றார் அதிகாரி. அதற்கும் சிரித்தார்கள்.

பிற்பாடு பலபேர் நிமியாவைப் பார்த்து, பாவம், விவரம் தெரியாதவள் என்று உச்சுக் கொட்டினார்கள். அவளுக்கு அதுதான் ஆகவே ஆகாது. விவரம் தெரியாமல் என்ன? அன்றைக்கு அந்த மண்டபத்தில் விவரம் புரிந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவள் அன்று சாயங்காலமே டெர்லிஸைக் கூப்பிட்டனுப்பினாள்.

தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் நெருங்குகிறது. நாடு முழுக்க இறைச்சியை நிறுத்திவிட்டுச் சிப்பாவாகத் தின்று தீர்க்கிற நாட்கள். அடுப்பை விட்டுவிட்டு ஒரு நாள் அசுன்சியோன் போவது நடக்கிற காரியமில்லை. கொம்பாத்ரே எப்படியும் போகிறார். அடையாள அட்டையின் நகல், ஒரு பை, அராசேலி வரைந்த அசல் படம், கட்டவேண்டிய கட்டணம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்து, யாராவது முந்துவதற்குள் பதிந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். யாராவது என்று சொன்னபோது அவள் மனதில் இருந்தது பக்கத்துச் சாலை சிப்பாக்காரிகள்.

அவன் திரும்பி வந்து, "ஆச்சு கொமாத்ரே" என்றான். நிமியா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். காகிதத்தைக் காட்டுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கொம்பாத்ரேயிடமா? அவன் எதிரே உட்கார்ந்து எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்தான். வந்த வார்த்தையைக் குழம்போடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

சில வருடங்கள் நல்லபடியாகத்தான் போயின. டெர்லிஸின் டெம்போ லாரியாயிற்று. லாரி இரண்டாயிற்று. தலைநகரில் சொந்தமாகக் கிடங்கு போட்டிருப்பதாகச் சொன்னான். நிமியாவிடம் சரக்கு எடுப்பது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. வழியில் கெட்டுவிடுகிறது, தூரம் அதிகம் என்றான். சரி, அவருக்கு வேறு வியாபாரம் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் நடத்துனர் ஒருவர் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அசுன்சியோனில் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் அடுக்கிவைத்திருக்கிறார்களாம். வீட்டில் வைத்துச் சுட்டுக்கொள்ளும்படி உறையவைத்த சிப்பா. மேலே 'ஞா நிமியா'. நடுவில் அவள் முகம், தூக்கிய புருவத்தோடு. "உங்களுக்கென்னக்கா, தலைநகரத்தையே பிடிச்சிட்டீங்க" என்று வாழ்த்தினார் நடத்துனர்.

வெட்கக்கேடு, முதலில் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பளபளவென்ற பிளாஸ்டிக்கில் தன் முகம். பிறகுதான் உள்ளே இருக்கிற சிப்பாவைத் தான் செய்யவில்லை என்பது உறைத்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். பதிவு பெற்ற முத்திரை, உரிமை இன்னார் என்று சின்ன எழுத்தில் இருந்தது. இன்னார் என்பது டெர்லிஸும் அவன் கம்பெனியும்.

அடுத்த பேருந்தில் போய் அவன் கிடங்கில் இறங்கினாள். அவன் எழுந்து ஓடிவந்து நாற்காலி போட்டு, மாத்தே இலையில் ஐஸ் தண்ணீர் விட்ட தெரேரே ஊற்றிக் கொடுத்தான். உறவு முறையில் குறை வைக்கிற ஆள் இல்லை.

"அந்த ஆபீஸ்ல உங்களோட வரி நம்பரைக் கேட்டாங்க கொமாத்ரே. உங்ககிட்ட அப்போ அது இல்ல. எங்கிட்ட இருந்துச்சு. திரும்பி வந்துட்டு மறுபடி போனா, நடுவுல எவனாவது பதிஞ்சிருப்பான். அதான் என் பேர்ல போட்டேன். உங்களைக் காப்பாத்தத்தான் போட்டேன்."

"அதை அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. பொய் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். அவன் சொன்னது நிஜம். அவள் கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும், கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு தெரிதலுக்கும் நடுவில்தான் அவன் கிடங்கு கட்டியிருந்தான். குவளையில் மிச்சம் இருந்ததை உறிஞ்சிவிட்டு, நன்றி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். தெரேரே குடிக்கையில் நன்றி சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். அவனுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் வாசல்வரை வந்து, நீங்கள் பாட்டுக்குச் சாலையில் விற்றுக்கொண்டிருங்கள், எதுவும் மாறப்போவதில்லை என்று வழியனுப்பினான்.

மாறியது. அதுவும் பெரிய வாரத்துப் புதன்கிழமை பார்த்து மாறியது. கடை முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கிற நேரத்தில் நீதிமன்ற ஆள் ஒருவர் இரண்டு போலீசோடு வந்து இறங்கினார். இந்தப் பேரையும் படத்தையும் இனி இங்கே பயன்படுத்தக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். பலகையைக் கழற்றினார்கள். அச்சடித்து வைத்திருந்த பைக் கட்டுகளை அள்ளி ஜீப்பில் போட்டார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. எல்லாம் முடிந்தபின் அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, வீட்டில் கேட்டார்கள் என்று ஒரு டஜன் சிப்பா வாங்கினார். போட்டுக் கொடுக்கப் பை இல்லை. கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

நிமியா டெர்லிஸுக்குப் போன் போட்டாள். அவன், நான் அனுப்பவில்லை, கம்பெனி வக்கீல் அனுப்பியது என்றான். கம்பெனி என்றால் யார் என்று கேட்டாள். நானும் பார்ட்னரும் என்றான். அந்தச் சூப்பர்மார்க்கெட்டுக்காரர்கள் நாட்டில் வேறு யாரும் இந்தப் பேரில் விற்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்களாம். தன் கையில் எதுவும் இல்லையாம். பண்டிகைக்கு அராசேலியை வரச்சொல்லுங்கள், ஞானப்பிள்ளைக்குப் பரிசு வாங்கி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னான். நிமியா போனை மாவுத் தொட்டிக்குள் வீசினாள். அராசேலிதான் எடுத்துத் துடைத்து வைத்தாள்.

சிப்பா அதே சிப்பாதான். பேர் சொல்லாமல் விற்பது எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பேருந்தில் ஏறுகிற பெண்களுக்கு வாய் பழகிப்போயிருந்தது. 'ஞா' என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பொறுக்கமுடியாமல் ஒருநாள் நிமியாவே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் வெள்ளைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஞா நிமியா மாதிரியே செஞ்சு ஏமாத்தறீங்களே, நியாயமா இது?" என்றாள். "ஒரிஜினல் எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க கடையில வாங்கறவங்க."

நிமியா பையைத் திரும்ப வாங்கிக் கூடையில் வைத்தாள். என்ன பேசுவது? அடையாள அட்டையை எடுத்து நீட்டலாம். நீட்டினால், அந்தப் பேரைச் சொல்லி விற்றதற்கு இன்னொரு ஜீப் வரும். அவள் இறங்கி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்புக்குப் பின்னால் போய்நின்று அழுதாள். அழுதது துக்கத்தில் இல்லை. வயிற்றெரிச்சலில்.

வக்கீலைப் பிடித்தது அராசேலி. இப்போது அவள் இருபத்திமூன்று வயதுப் பெண். அதிகாலையில் மாவு பிசைந்துவிட்டு, பகலில் கல்லாவில் உட்கார்ந்து, கடையைப் பாதிக்கு மேல் அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். வக்கீலின் பேர் பெனிக்னா ஓவெலார். வக்கீலையும் டாக்டர் என்று கூப்பிடுகிற நாடு அது. நோய் தீராவிட்டாலும் பீஸ் தீர்க்கவேண்டும். டாக்டர் ஓவெலார் கேஸைக் கேட்டுவிட்டு உற்சாகமாகத்தான் இருந்தாள். முதலில் பதிந்தவருக்குத்தான் உரிமை என்பது சரி. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பேரையும் முகத்தையும் அவள் சம்மதமில்லாமல் வேறொருவன் பதிய முடியாது. சம்மதம் எங்கே என்று அவனைக் கேட்போம். காட்ட அவனிடம் என்ன இருக்கிறது என்றாள்.

இருந்தது.

விசாரணை அறையில் கம்பெனி வக்கீல் ஒரு மடிக்கணினியைத் திறந்து, வழக்கை விசாரிக்கிற அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தான். டெர்லிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் அராசேலியின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா ஓடியது. பெண்ணுக்குப் பதினைந்து வந்தால் ஊரைக் கூட்டி விருந்து வைப்பது வழக்கம். அதற்குத் தனி ஆளாகச் செலவு செய்ய யாராலும் முடியாது. கேக்குக்கு ஒருவர், பாட்டுக் கச்சேரிக்கு ஒருவர், பெண்ணின் உடைக்கு ஒருவர் என்று ஆளுக்கொன்றாகப் பொறுப்பெடுப்பார்கள். வீடியோவுக்குப் பொறுப்பெடுத்தவன் டெர்லிஸ். அதனால் ஒரு பிரதி அவனிடம் இருந்தது.

திரையில் நிமியா இரவல் வாங்கிய நீலக் கவுனில், இரண்டு கிளாஸ் பீர் உள்ளே போன முகத்தோடு, மைக்கைப் பிடித்திருந்தாள். "என் கொம்பாத்ரே இல்லைன்னா இந்தப் பிள்ளை இல்ல, இந்த விருந்தும் இல்ல" என்றாள். "கொம்பாத்ரே, எல்லார் முன்னாலயும் சொல்றேன், என் வீடு உங்க வீடு. என் அடுப்பு உங்க அடுப்பு. என் பேரும் உங்க பேருதான்." திரைக்குள் ஊரே கைதட்டியது. டெர்லிஸ் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பேரைப் பதிந்தது அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து. கம்பெனி வக்கீல் தேதியை இரண்டுமுறை சொன்னான்.

"இது நீங்கதானேம்மா?" என்று கேட்டான்.

"நான்தான்."

"யாராவது வற்புறுத்திச் சொல்லவச்சாங்களா?"

"விருந்துக்கு வந்தவங்ககிட்ட வேற என்ன தம்பி சொல்லுவாங்க?" என்றாள் நிமியா. "நான் உங்க வீட்டுக்கு வந்தா, இது உங்க வீடு மாதிரின்னு நீங்க சொல்லமாட்டீங்களா? மறுநாள் நான் வந்து உங்க கட்டிலைத் தூக்கிட்டுப் போயிடலாமா?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, வீடியோவைச் சாட்சியமாகச் சேர்த்துக்கொண்டார்.

வெளியே நடையில் டெர்லிஸ் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். எதிரே வந்துவிட்ட அராசேலி, பழக்கதோஷத்தில், இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அவனும் அதே பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி ஆசி சொன்னான். சொல்லி முடித்தபிறகுதான் இரண்டு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. நிமியா மகளின் கூப்பிய கையைத் தட்டி இறக்கினாள். தன் மகள் மேல் அவளுக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லமுடியாது. ஆனால் அது அடங்காத கோபமாக உள்ளே தங்கிவிட்டது.

டாக்டர் ஓவெலாரின் உற்சாகம் இறங்கிவிட்டது. தோற்றுவிடுவோம் என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் இழுக்கும், அவனிடம் கம்பெனிப் பணம் இருக்கிறது, உங்களிடம் அடுப்புதான் இருக்கிறது என்றாள். பிறகு பழைய பை ஒன்றைக் கையில் எடுத்து, இந்தப் படத்தை வரைந்தது யார் என்று கேட்டாள். யாரோ தொழில்முறை ஓவியர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம்.

நான்தான் என்றாள் அராசேலி.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேர் வேறு, படம் வேறு என்றாள். பேர் பதிந்தவனுக்கு. படம் வரைந்தவளுக்கு. அதற்கு யாரும் முந்திக்கொண்டு ஓடவேண்டியதில்லை, பதியாவிட்டாலும் வரைந்த நிமிஷத்திலிருந்து அவளுடையதுதான். அராசேலி எழுதிக் கொடுக்காதவரை டெர்லிஸ் அதை ஒரு பாக்கெட்டில்கூடப் போடமுடியாது. இதுவரை போட்டதற்கும் பதில் சொல்லியாகவேண்டும். நிமியாவுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டு மாதத்தில் கம்பெனி இறங்கி வந்தது. படத்தை எடுத்துவிடுகிறோம், உங்கள் மேல் போட்ட வழக்கையும் எடுத்துக்கொள்கிறோம், பேர் எங்களோடு இருக்கட்டும் என்றார்கள். ஒத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் சொன்னாள். முகமாவது திரும்பி வருகிறதே. நிமியா மென்று விழுங்கி ஒத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு டாக்டர் ஓவெலார் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். நல்லதாகத்தான் சொன்னாள். உங்கள் மகளைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்றாள். டெர்லிஸ் தனியாக அவளைக் கூப்பிட்டு, படத்தை எழுதிக் கொடு, கம்பெனியில் பங்கே தருகிறேன் என்று கேட்டானாம். அவள், ஞானப்பா, இது எங்க அம்மா முகம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம். அதற்கப்புறம்தான் கம்பெனி இறங்கி வந்ததாம்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் மகளைக் கட்டிக்கொண்டிருப்பாள். நிமியாவுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் கலங்கின கண்ணுக்குப் பின்னால் ஒரு நினைப்பு எழுந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. எனக்குத் தெரியாமல் அவனைப் போய்ப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு என்னிடம் சொல்லவில்லை. அம்மா வருத்தப்படுவாள் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு வேறொன்றையும் அதே மாதிரி சொல்லாமல் இருக்கலாம். இந்த மாதிரி நினைக்கிற புத்தி அவளுக்கு முன்பு இருந்ததில்லை. டெர்லிஸ் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

புதுப் பேர் பதியவேண்டும், இந்தமுறை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று வக்கீல் அவசரப்படுத்தினாள். அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டுத் தாயும் மகளும் சேர்ந்தே அசுன்சியோன் போனார்கள். பேருக்கு டாக்டர் ஓவெலார்தான் யோசனை சொன்னாள். "சிப்பா அராசேலின்னு வைங்களேன். கேக்கவும் நல்லா இருக்கு."

அராசேலி சிரித்தாள். வெட்கமும் ஆசையும் கலந்த சிரிப்பு.

"வேண்டாம்" என்றாள் நிமியா. "நாளைக்கு இவ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனா, பேரும் கூடவே போயிடும்."

கடைசியில் 'லா துவென்யா' என்று நிமியாவே ஒரு பேர் சொன்னாள். சொந்தக்காரி என்று அர்த்தம். வக்கீல் அதை எழுதிக்கொண்டு, விண்ணப்பம் இரண்டு பேர் பேரிலும்தானே என்று அராசேலியைப் பார்த்தபடி கேட்டாள். அராசேலி ஆமாம் என்று தலையசைத்தாள். அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"என் பேர்ல மட்டும்" என்றாள் நிமியா.

"படம் இவங்களோடதாச்சேம்மா" என்றாள் வக்கீல். "ஒண்ணு ரெண்டு பேர் பேர்லயும் போடணும். இல்லன்னா இவங்க படத்தை உங்களுக்கு எழுதிக் கொடுக்கணும்."

"எழுதிக் கொடுக்கட்டும்."

அராசேலி அம்மாவைப் பார்த்தாள். விளையாடுகிறாளா என்று பார்க்கிற பார்வை. நிமியா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள் அராசேலி.

"என் மக. மகளா இரு. காகிதத்துல எதுக்கு?"

"என்னை நம்பலையா?"

"நம்பிக்கை வேற, இது வேற" என்றாள் நிமியா. சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. "நம்பினதுக்கு என்ன கிடைச்சதுன்னு பாத்தேல்ல? இனிமே ஒரு கையெழுத்து, ஒரே ஆளு. நான் செத்தா எல்லாம் உனக்குத்தான வரும்."

டாக்டர் ஓவெலார் ஒருத்தரையும் பார்க்காமல் காகிதத்தைத் தயார் செய்தாள். நான்கு இடத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது. அராசேலி, எங்கே போடவேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். வாதாடவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் நிமியா ஒருவேளை காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்திருப்பாள். ஞானத்தகப்பன் பங்கு தருகிறேன் என்றபோது எழுந்து வந்தவள், அம்மா ஒன்றும் தராமல் கேட்டபோது உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். வக்கீல் எழுந்து நிமியாவின் கையைக் குலுக்கினாள். இப்பத்தான் உங்களுக்கு இந்த விஷயம் சரியாகப் புரிந்திருக்கிறது என்றாள். பாராட்டாகச் சொன்னாளா, வேறெப்படியும் சொன்னாளா என்று நிமியாவுக்குத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். அராசேலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் மாவு நனைக்கவேண்டும், பாலாடைக்கட்டி தீர்ந்துவிட்டது என்றெல்லாம் நிமியா சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் பதில் வந்தது. சரிம்மா என்றுகூட இல்லை, வெறும் சரி.

நகரத்தை விட்டு வண்டி வெளியே வந்ததும் ஒருத்தி கூடையோடு ஏறினாள். கம்பெனி இப்போது சுடச்சுடவும் விற்க ஆரம்பித்திருந்தது போல. மஞ்சள் பை. படம் இல்லை. பேர் மட்டும், முன்னைவிடப் பெரிய எழுத்தில். "ஞா நிமியா, ஞா நிமியா, சூடா இருக்கு" என்று ஏறியவள் கூவினாள். பயணிகள் கை நீட்டினார்கள். நிமியா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடின கண்ணைத் திறந்தபோது அராசேலி காசு கொடுத்து ஒன்று வாங்கியிருந்தாள். நிதானமாகப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். பிறகு பாதியைப் பையோடு அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"சாப்பிடு" என்றாள். "உன் பேருதான் போட்டிருக்கு."

நிமியா கையில் வாங்கிக்கொண்டாள். சிப்பா நன்றாகத்தான் வெந்திருந்தது.